பதினேழாம் சூளை

முப்பத்தாறு மணி நேரம் பொறுத்தேன்.
முப்பத்தேழாவதில் வாசல் செங்கல் ஒன்றை உருவி
முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
மயிர் கருகவில்லை.
சாமுண்ணி மீதிச் செங்கல்லைப் பிரிக்க ஆரம்பித்தான்,
சுண்ணாம்பில் எழுதிய எண் கலையாமல்.

மேல் தட்டில் லீனா டீச்சர் விடுதிக்கு
நாற்பத்தெட்டுக் கோப்பைகள்.
வாழைக்குருத்துப் பச்சை கேட்டிருந்தார்.
முப்பத்தொன்று அப்படியே வந்திருக்கின்றன,
மழைநீர் தெளிந்து நின்றாற்போல் அடியில் ஓர் ஆழம்.
ஒன்பதில் ஊசிக்கண்.
தேநீர் ஊற்றினால் தெரியாது.
எனக்குத் தெரியும்.
எட்டு தட்டோடு ஒட்டிக்கொண்டன,
பூச்சு வழிந்து துளியாகி
துளி கல்லாகி.
உளி வைத்துத் தட்டினேன்.
உடைந்தது தட்டு.
ஒரு தட்டு ஆயிரத்து எண்ணூறு.

நடுத்தட்டில்
கஞ்சிக்கோட்டு உருக்காலை உருளைக்கடியில் உதிர்ந்த
இரும்புச் செதிலை சிமெண்ட் சாக்கில் அள்ளி வந்து
அரைத்து, சலித்து, கரைத்துப் பூசிய கிண்ணங்கள்.
அண்ணன் அங்கேதான் இரவு ஷிஃப்ட்.
'குப்பையை எதுக்கு வேக வைக்கிறே, சபூரா?'
குப்பை இப்போது கருவண்டின் முதுகு.
விளிம்பில் மட்டும்
துரு எட்டிப் பார்க்கிறது.
அவனுக்கு ஒன்று எடுத்து வைத்தேன்.
அதில் கஞ்சி குடிப்பான்.
ஒன்றும் சொல்லமாட்டான்.

இனி, கீழே, இடது மூலை.
இடம் சும்மா கிடக்கக் கூடாதென்று
வாய் கோணிய ஜாடி ஒன்றைச்
செம்புப் பூச்சின் வண்டலில் முக்கி நிறுத்தியிருந்தேன்.
ஆறு சூளையாக அந்தப் பூச்சு
ஈரல் நிறம் காட்டியது, சாம்பல் காட்டியது,
ஒருமுறை ஒன்றுமே காட்டாமல்
வெறும் கண்ணாடியாய் நின்றது.
இன்று
சிவப்பு.
தோள் முழுக்கச் சிவந்து,
கழுத்துக்கு மேல்
அறுபட்ட விரல் இரத்தம் கசியுமுன் வெளுக்குமே
அந்த வெளுப்பு.

'கொள்ளாம்' என்றான் சாமுண்ணி.
அவன் வாயில் அந்தச் சொல்
நன்றாயிருக்கிறது என்பதற்கும்
போதும் என்பதற்கும் நடுவே நிற்கும்,
வேலந்தாவளம் செக்போஸ்ட் மாதிரி.

எப்படி வந்தது?
நோட்டைப் புரட்டினேன்.
இரவு பதினொன்றே கால்: ஆயிரத்து நூறு டிகிரி.
பன்னிரண்டு: புகைபோக்கி மூடி பாதி.
ஒன்று முப்பத்தைந்து: அடுப்பு வாய் நிறையச் சவுக்கு.
ஒன்று நாற்பது: கணவாய்க் காற்று நின்றுவிட்டது.

ஆடி மாதத்தில், ஒரு மூச்சுமில்லாமல்.
தென்னைகள் அசையவில்லை.
சூளை திணறி
பார்வைத் துளை வழியே முழ நீளம் நாக்கை நீட்டியது.
அதுவரை நினைவிருக்கிறது.
அடுத்த வரி, என் கையெழுத்துதான்:
மூன்று ஐந்து. கோன் சாய்ந்துவிட்டது. காற்று வந்துவிட்டது.
ஓரத்தில், சின்னதாக: தூங்கிட்டேன்.

நடுவே எண்பத்தைந்து நிமிடம்.
அதில் நான் இல்லை.
வரிசையில் நின்ற லாரிக்காரர்களோடு
டீ குடிக்கப் போன சாமுண்ணியும் இல்லை;
ஒரு குச்சிகூடப் போடவில்லை என்று
தாயாணை சத்தியம் செய்கிறான்.

ஜாடியைப் படமெடுத்து டீச்சருக்கு அனுப்பினேன்,
பச்சைக் கோப்பைகளுக்குப் பின்னால்,
கடைசியாக, ஒரு பேச்சுக்கு.
பத்து நிமிடத்தில் பதில்:
பச்சை வேண்டாம் சபூரா.
இதில் நாற்பத்தெட்டு.

பதினெட்டாம் சூளைக்குப் பக்கம் திருப்பினேன்.
சவுக்கு, நானூறு கிலோ.
செம்பு, அரைப் பங்கு. வெள்ளீயம், ஒன்று.
காற்று என்று எழுதி
எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.
தூக்கத்தையும் எழுதுவதா என்று
பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது
மேற்குப் பக்கம் கூரைத் தகரம் படபடத்தது.
சாமுண்ணி
உடைந்த தட்டின் இரண்டு துண்டையும்
சேர்த்துச் சேர்த்து வைத்துப்
பார்த்துக்கொண்டிருந்தான்.